மாதிரிக் கழிப்பறையின் சாவி

தூய மலை இயக்கத்தின் வாழவந்தி நாட்டுக் கிளை அலுவலகத்தில் ஒரு கழிப்பறை இருந்தது. அதை யாரும் பயன்படுத்தியதில்லை. அதனால் அது சுத்தமாக இருந்தது.

வெளிச்சுவரில் ஒரு மான், ஒரு அருவி, கைகூப்பிய ஒரு பெண். கதவில் பூட்டு. பூட்டின் சாவி ஒரு உறைக்குள். உறையின் மேல் அரக்கு முத்திரை. உறை திட்ட அலுவலரின் பீரோவில். ஆய்வுக் குழு எந்த நாளும் வரலாம் என்று மூன்று வருடத்துக்கு முன் ஒரு கடிதம் வந்தது. அன்றைக்குப் பூட்டியது.

பொன்னாயி தினமும் காலையில் வந்து அதன் வெளிப்பக்கத்தைக் கழுவினாள். பெருமாயி அதைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றினாள். ஏற்றிய பிறகு, இன்று எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்ற கட்டத்தில் நாற்பத்திரண்டு என்று போட்டாள். அது தலைமை அலுவலகம் சொன்ன எண். அதற்குக் கீழே போட்டால் கட்டம் சிவப்பாகும். மேலே போட்டால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கும்.

பெருமாயிக்கு முப்பத்தாறு வயது. ஒப்பந்தத்தில் தரவு ஏற்றும் வேலை. அவளுக்குப் பெருங்குடல் இல்லை.

நான்கு வருடம் ரத்தமாகப் போனது. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். எட்டு மாதம் வயிற்றுக்கு வெளியே ஒரு பையோடு இருந்தாள். பிறகு சிறுகுடலின் நுனியை மடித்துத் தைத்து உள்ளேயே ஒரு பை செய்து கீழே இணைத்தார்கள். வெளிப்பை போனது. டாக்டர் பிரேம் ஒரு தாளில் வரைந்து காட்டினார். உள்பை தூண்டில் முள் போல இருந்தது.

“இனிமே எல்லாரையும் போல இருக்கலாம்,” என்றார். “ஒரு நாளைக்கு எட்டு, பத்துத் தடவை போகணும். தண்ணியாத்தான் போகும். அடக்காதீங்க. அடக்கினா பை வீங்கும், புண்ணாகும்.”

“எவ்வளவு நேரம் அடக்கலாமுங்க?”

“வேலை செய்யற இடத்துல பாத்ரூம் இருக்கில்ல?”

அப்போது வேலை உத்தரவு வந்திருந்தது. இன்னும் சேரவில்லை. பஸ்ஸில் போகும்போது அவள் அந்த மானைப் பார்த்திருந்தாள்.

“இருக்குதுங்க,” என்றாள்.

மலையில் விளைவது எதையும் அவளால் தின்ன முடியவில்லை. கேழ்வரகு போனபடியே வந்தது. பலாச்சுளை இரண்டு தின்றால் வயிறு மத்தளமானது. மிளகு போகும்போது ஒரு முறையும் வரும்போது பல முறையும் எரிந்தது. குழைந்த ரேஷன் அரிசிச் சோறு, உப்புப் போட்ட மோர், வாழைப்பழம். இதையும் காலை ஆறு மணிக்கு மேல் தொடமாட்டாள். வயிற்றைக் கட்டும் மாத்திரை போட்டுக்கொள்வாள். எரியும் இடத்தில் தடவக் களிம்பு வைத்திருந்தாள். பத்தே முக்காலுக்கு வயிற்றுக்குள் பானையில் நீர் ஊற்றுவதுபோல ஒரு சத்தம் வரும். அதிலிருந்து அவளுக்கு இருபது நிமிடம்.

வீடு இரண்டு கிலோமீட்டர். ஏற்றம். வேகமாக நடந்தால் இருபத்திரண்டு நிமிடம்.

பக்கத்துக் காட்டுச் சென்னம்மாள் அவள் ஓட்டத்தை வேலியோரம் நின்று பார்ப்பாள்.

“மொளகுக் காட்டுக்காரி மொளகு ரசம் குடிக்க மாட்டாளாம். சேலத்துல டவுனு வயிறு வெச்சு அனுப்பிட்டாங்களா?”

“வயிறு பழசுதாங்க அக்கா. கொடலுதான் இல்ல.”

“அப்பச் சோறு எங்க தங்கும்?”

“தங்காதுங்க. அதான் ஓடறேன்.”

பெருமாயியின் கணவன் முத்தன் கழிப்பறைக் குழி தோண்டுகிறவன். அந்தப் பக்கம் நான்கடிக்குக் கீழே பாறை. பாறையில் குழி எடுக்கத் தெரிந்தவர்கள் அவனும் அவன் பங்காளி கருப்பண்ணனும் மட்டும்தான். எந்த வீட்டுக் குழி எத்தனை அடி என்பது இருவருக்கும் மனப்பாடம். சாப்பிடும்போது ஒருநாள் கேட்டான்.

“ஆபீசு கக்கூசுக்குக் குழி யாரு எடுத்தது?”

“எனக்கென்னங்க தெரியும்.”

“நா எடுக்கல. கருப்பண்ணனும் எடுக்கலீங்கறான்.”

“மெசின் வெச்சு எடுத்திருப்பாங்க.”

“மலைப்பாதையில எழுவது வளைவு மெசின் ஏறி வந்தா நாடு பூரா வேடிக்கை பாத்திருக்குமே.”

“உங்களுக்கு எதப் பாத்தாலும் குழிதானுங்க,” என்று அவள் எழுந்து போனாள். திரும்பி வரச் சற்று நேரம் ஆனது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் அவள் கண்காணிப்பாளர் மணிவண்ணனிடம் போனாள். இருபத்தாறு வருடம் கோப்புகளோடு இருந்தவர். எதையும் முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பார்.

“சாவி வேணுமுங்க சார். கழிப்பறைச் சாவி.”

“எதுக்கு?”

கேள்வி தனக்குச் சரியாகப் புரிந்ததா என்று பெருமாயிக்குச் சந்தேகம் வந்தது.

“போறதுக்குங்க.”

“எங்க போறதுக்கு?”

“கழிப்பறைக்குத்தானுங்க.”

மணிவண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். “இந்த ஆபீஸ்ல இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லை,” என்றார். கோபமில்லை. வியப்புதான். “மத்தவங்க எல்லாம் என்ன பண்றாங்க?”

“அவங்களுக்குக் கொடலு இருக்குதுங்க.”

“சரி, மனுவா எழுதிக் கொடு. அவசரம்னு மட்டும் எழுதாதே. அவசரம்னு எழுதினா அவசரக் கோப்புல போகும். அது மேலிடம் போய் வர நாலு மாசம். சாதாரணம்னு எழுது. மூணு மாசத்துல வந்துரும்.”

பெருமாயி சாதாரணம் என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

மூன்று மாதத்தில் கோப்பு கேள்விகளோடு திரும்பி வந்தது. மனுதாரர் நாளொன்றுக்கு எத்தனை முறை. அதில் அலுவல் நேரத்தில் எத்தனை, சொந்த நேரத்தில் எத்தனை. அலுவல் நேரத்தில் ஏற்படுவதைச் சொந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ள மனுதாரர் எடுத்த முயற்சிகள் யாவை. பெருமாயி பத்து என்றும் ஐந்து என்றும் எழுதினாள். மூன்றாவதற்கு, காலையிலிருந்து பட்டினி என்று எழுதினாள்.

கோப்பு மறுபடி போனது. மறுபடி வந்தது. முயற்சி பாராட்டத்தக்கது, ஊனச் சான்று இணைக்கவும் என்றிருந்தது.

ஊனச் சான்று கீழே மாவட்டத்தில் தருவார்கள். முதல் நாள் மதியத்தோடு சோற்றை நிறுத்தினாள். காலை முதல் பஸ். ஒவ்வொரு வளைவிலும் உள்பை ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் வளைவுகளை எண்ணினாள். ஐம்பதுக்கு மேல் எண்ணவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். காரவள்ளியில் இறங்கியதும் எதிரே இருந்த டீக்கடைக்குள் நுழைந்தாள். கடைக்காரி சுமதி அவள் முகத்தைப் பார்த்தாள். கரண்டியால் பின்பக்கம் காட்டினாள். அங்கே கதவு இல்லை. சாக்குத் திரை இருந்தது.

திரும்பி வந்தபோது டீ ஆற்றி வைத்திருந்தது.

“பால் வேண்டாமுங்க. வயித்துக்கு ஆகாது.”

“அப்ப உப்புப் போட்டுத் தண்ணி குடி,” என்றாள் சுமதி. வேறு எதுவும் கேட்கவில்லை. எழுத்தில் எதையும் கேட்கவில்லை.

சான்று தரும் அறையில் மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் காகிதங்களைப் பார்த்தார்.

“பை எங்கே?”

“உள்ளங்க.”

“உள்ளன்னா?”

“வயித்துக்குள்ளங்க.”

“வெளியில இருந்ததா போட்டிருக்கு.”

“எடுத்துட்டாங்க.”

“எடுத்தாச்சுன்னா குணம்தானே.” அவர் பேனாவை மூடினார். “பாரும்மா. ஒருத்தருக்குக் கால் இல்லைன்னா தெரியுது. கண் இல்லைன்னா தெரியுது. உனக்குக் குடலே இல்லை, ஆனா பார்த்தா நல்லாத்தான் இருக்கே. தெரியாத ஊனத்துக்கு நாங்க சான்று கொடுத்தா நாளைக்கு ஊர்ல எல்லாரும் குடல் இல்லைன்னு வந்து நிப்பாங்க. எத்தனை பேர் வயித்தைத் திறந்து பார்க்கிறது? வெளிப்பை இருந்தப்பவே வந்திருக்கணும்.”

“அப்ப எந்திரிக்க முடியாமக் கெடந்தேனுங்க.”

“அது உன் கவனக்குறைவு.”

ஓரத்தில் இருந்தவர் இளகிய மனம் கொண்டவர். “மறுபடியும் வெளியில பை வெச்சாங்கன்னா உடனே வாம்மா,” என்றார். “நாற்பது சதவீதம் போட்டுத் தரலாம்.”

பெருமாயி நன்றி சொன்னாள். இந்தக் கட்டடத்தில் பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் என்று எழுதிய ஒன்று இருந்தது. வாசலில் இருந்தவர் சான்று கேட்டார்.

அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. உள்பை புண்ணாகிவிட்டது என்று பிரேம் போனில் சொன்னார். மாத்திரையின் பெயரை அனுப்பினார். பத்து பதினான்கானது. இருபது நிமிடம் ஐந்தானது. விடுப்பு எடுத்தால் ஒப்பந்தம் போய்விடும். ஒருநாள் பதினொரு மணிக்கு, வேறு வழியில்லாமல், அலுவலகத்துக்குப் பின்னால் காப்பிச் செடிகளுக்குள் போனாள்.

உட்கார்ந்த உடனே விசில் கேட்டது.

திறந்தவெளியில் போகிறவர்களைப் பிடிக்க இயக்கம் மலையில் பத்துப் பதினைந்து ஊர் சேர்ந்த ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விசில் குழு வைத்திருந்தது. பெயர்ப் பட்டியலைச் செயலியில் ஏற்றியவள் பெருமாயிதான். குழுத் தலைவி செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு செடிகளை விலக்கினாள். சென்னம்மாள்.

“நாந்தானுங்க அக்கா.”

“தெரியுது கண்ணு.”

“என் நெலம உங்களுக்குத் தெரியுமில்ல.”

“தெரியாம என்ன. ஊதுனப்பறம்தான் ஆளப் பாத்தேன். ஊதிட்டா மாலை போடோணும். சட்டம்.” பையிலிருந்து செண்டுமல்லி மாலையை எடுத்தாள். “அஞ்சு மாசமா ஒரு ஆளும் சிக்கல. மாசா மாசம் மாலை கட்டி வாடுது. நீ மொதல்ல முடிச்சுக்கோ, நா திரும்பிக்கறேன்.”

முடித்த பிறகு மாலை போட்டாள். படம் எடுத்தாள். பெருமாயி கால்களைச் சேர்த்து வைத்து நின்றிருந்தாள், இன்னும் முழுதாக முடியவில்லை.

படம் அலுவலகத்துக்கு வந்தது. அதைச் செயலியில் ஏற்றும் வேலை பெருமாயியுடையது. பிடிபட்டவர் கையொப்பம் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பதிவு செய்தவர் கையொப்பம் என்ற இடத்திலும் போட்டாள். படம் பெரிதாக்கப்பட்டு வராந்தாவில் ‘வெட்கப் பலகை’யில் மாட்டப்பட்டது. ஆணி அடித்த பொன்னாயி, “கண்ணு, மாலை உனக்கு நல்லாத்தான் இருக்குது,” என்றாள்.

அன்று மாலை திட்ட அலுவலர் சந்தோஷ்குமார் பெருமாயியை அறைக்குக் கூப்பிட்டார். நாற்பது வயது. நாமக்கல்லிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் வருவார். மேசை மேல் அந்தக் கழிப்பறையின் சிறிய உருவம் ஒன்று பளிங்கில் இருந்தது. போன வருடப் பரிசு.

“உக்காருங்க. நான் திட்டப் போறதில்லை. உங்க படத்தை நீங்களே ஏத்தியிருக்கீங்க. இந்த நேர்மை எத்தனை பேருக்கு வரும்? உங்க கோப்பை நேத்துதான் படிச்சேன். கண் கலங்கிருச்சு. இந்த மலையிலேயே கழிப்பறை உண்மையா தேவைப்படற ஆள் நீங்கதான்.”

“சாவி குடுத்தீங்கன்னாச் சார்…”

“கொடுக்கலாம். எனக்கு ஒரு கையெழுத்து. ஆனா யோசிங்க. கொடுத்தா நீங்க பயன்படுத்துவீங்க. பயன்படுத்தினா அழுக்காகும். அழுக்கானா சுத்தத்துக்கு ஆபீஸுக்குக் கொடுத்த நட்சத்திரம் போயிடும். நட்சத்திரம் போனா திட்டம் போயிடும். திட்டம் போனா உங்களை மாதிரி ஏழை நோயாளிகளுக்கு யார் கழிப்பறை கட்டுவாங்க? நான் உங்களுக்காகத்தாம்மா பூட்டி வெச்சிருக்கேன்.”

பெருமாயியின் வயிற்றுக்குள் பானையில் நீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவருக்கும் கேட்டது. அவர் மேலே ஓடும் விசிறியைப் பார்த்தார்.

“நானே மூணு வருஷமா அதைத் தொட்டதில்லை. அவசரம்னா ஜீப்பை எடுத்துக்கிட்டு பயணியர் மாளிகை வரைக்கும் போயிட்டு வரேன். அதிகாரியே இவ்வளவு தியாகம் பண்றப்ப ஊழியர்கள் கொஞ்சம் பொறுத்துக்கலாம் இல்லையா?”

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். பதினான்காம் தேதி ஆய்வுக் குழு வருவது உறுதியாகிவிட்டது. குழு ஒரு பயனாளியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறது. நாற்பத்திரண்டு பேரில் ஒருவரையாவது.

“நீங்கதான் அது. குழு முன்னாடி முத்திரையை உடைச்சு நீங்க உள்ளே போறீங்க.”

“நெசமாவே போலாமுங்களா?”

“நிஜமாவே. அதுக்கப்புறம் சாவி உங்க கிட்டயே இருக்கட்டும். எழுதியே தரேன்.”

எழுதித் தரவில்லை. ஆனால் பெருமாயி அன்று வீட்டுக்கு ஓடவில்லை, நடந்தாள். பாதியில் ஓடினாள்.

பதினோராம் தேதி ஒத்திகை தொடங்கியது. வாசலிலிருந்து கழிப்பறை வரை நடக்க வேண்டும். முத்திரை உடைக்கக் கூடாது என்பதால் பூட்டிய கதவின் முன்னே மூன்று நிமிடம் நிற்க வேண்டும். பிறகு திரும்பிச் சிரிக்க வேண்டும். மணிவண்ணன் கையில் கடிகாரத்தோடு நாற்காலியில் இருந்தார்.

இரண்டாம் நாள், மானைப் பார்த்துக்கொண்டு நின்றவள் திரும்பினாள்.

“சார், நெசமா வருதுங்க.”

“நல்லது. முகத்துல நல்லாத் தெரியுது. போன தடவை அது இல்லை.”

“போயிட்டு வாரேனுங்க.”

“இன்னும் ஒண்ணரை நிமிஷம் இருக்கு.” அவர் பொன்னாயியைப் பார்த்தார். “நீ என்ன சொல்றே?”

“ஊட்டுக்கு அனுப்பீருங்க சார்,” என்றாள் பொன்னாயி. “மான் மேலயே போயிருவா போல இருக்குது.”

ஒன்றரை நிமிடம் முடிந்தது. பெருமாயி சிரித்தாள். மணிவண்ணனுக்குத் திருப்தி இல்லை. “போகும்போது இருக்கிற கஷ்டம் சரியா வருது. வரும்போது இருக்க வேண்டிய நிம்மதி வரலை.”

“நாந்தான் போகவே இல்லீங்களே சார்.”

“இல்லாததைக் காட்டறதுதாம்மா வேலை.”

பதினான்காம் தேதி பத்து மணிக்குக் குழு வரும் என்றார்கள். அலுவலகத்தில் தோரணம் கட்டியிருந்தார்கள். பெருமாயியின் கையில் ஒரு தாம்பாளம். அதில் செண்டுமல்லி, குங்குமம், அரக்கு முத்திரையிட்ட உறை. ஒன்பது மணியிலிருந்து அவள் கதவின் பக்கத்தில் நின்றாள். பயனாளி இடத்தை விட்டு அசையக் கூடாது என்று உத்தரவு. முந்தின நாளிலிருந்து கஞ்சித் தண்ணீர் மட்டும்தான். இரண்டு மாத்திரை போட்டிருந்தாள். உள்பைக்கு உத்தரவு தெரியவில்லை. பத்தே முக்காலுக்குச் சத்தம் வந்தது.

பதினொன்றரைக்குப் போன் வந்தது. குழுவின் ஜீப் முப்பத்தொன்றாவது வளைவில் நிற்கிறது. தலைவி வாந்தி எடுக்கிறார். பன்னிரண்டுக்கு மறுபடி போன். அறுபத்தாறாவது வளைவு. எலுமிச்சம்பழம் வாங்கப் போயிருக்கிறார்கள்.

“சார், ஒரு எட்டு ஊட்டுக்குப் போயிட்டு…”

“இந்த நேரத்துலயா?” என்றார் சந்தோஷ்குமார். ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று பார்க்க அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. மைக்கைக் கையில் எடுத்தார். “நண்பர்களே, கழிப்பறை ஒரு கட்டடம் இல்லை. அது ஒரு மனநிலை. நம்ம கிட்ட மனநிலை இருக்கு. மனநிலை இருந்தா மற்றது எல்லாம் தானா அடங்கும். பெண்ணின் மானம்…”

பெருமாயியின் கணுக்காலில் ஏதோ சூடாக இறங்கியது. ஒரு கோடு. அவள் கீழே பார்க்கவில்லை. தாம்பாளத்தைப் பார்த்தாள். உறையை எடுத்தாள். அரக்கு பிஸ்கட் போல உடைந்தது.

சந்தோஷ்குமார் மானத்தைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் கதவு உள்பக்கம் தாழிடப்பட்டது. மணிவண்ணன் ஓடி வந்தார். பொன்னாயி துடைப்பத்தைக் குறுக்கே வைத்துக்கொண்டு நின்றாள்.

“உள்ள ஆளு இருக்குதுங்க சார்,” என்றாள்.

அந்தக் கதவின் முன்னால் அப்படி ஒரு வாக்கியத்தை யாரும் சொன்னதில்லை.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. பெருமாயி சுவரில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். எரிந்தது. எரியட்டும் என்று விட்டாள். கண்ணில் நீர் வந்தது. வலியால் இல்லை. இந்த அலுவலகத்தில் ஒன்பது மாதத்தில் முதல் முறையாக அவள் எதையும் எண்ணவில்லை.

பிறகு குழாயைத் திருகினாள். காற்றுகூட வரவில்லை. கதவைக் கொஞ்சம் திறந்து கேட்டாள். பொன்னாயி ஒரு வாளித் தண்ணீர் நீட்டினாள். கழுவிக்கொண்டு, மிச்சத்தை ஊற்றினாள். தண்ணீர் இறங்கவில்லை. பீங்கானின் விளிம்பு வரை எல்லாவற்றோடும் மேலே வந்து நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தாள். நிலை மாறவில்லை.

நா எடுக்கல, கருப்பண்ணனும் எடுக்கலீங்கறான் என்று முத்தன் சொன்னது நினைவுக்கு வந்தது.

அவள் வெளியே வந்தாள். மணிவண்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். “இப்பத்தான் சரியா வந்திருக்கு,” என்றார். அவரை அறியாமல் வந்துவிட்டது.

அப்போது ஜீப் வந்தது. குழுத் தலைவி அருணா இறங்கினார். முகம் வெளிறியிருந்தது. கையில் பாதி எலுமிச்சம்பழம். மாலையை ஒதுக்கினார், மைக்கை ஒதுக்கினார், “டாய்லெட் எங்கே?” என்றார். திறந்திருந்த கதவு அதுதான். உள்ளே போனார். ஒரு நிமிடத்தில், போனதைவிட மோசமாகத் திரும்பி வந்தார். மான் மேல் வாந்தி எடுத்தார்.

அருணா வாயைத் துடைத்தார். கையில் இருந்த கருவியில் நீண்ட நேரம் எதையோ பதிந்தார்.

“மேடம்,” என்றார் சந்தோஷ்குமார். “இது ஒரு ஊழியரோட தனிப்பட்ட ஒழுங்கீனம். மூணு வருஷமா…”

“முப்பத்தாறு கழிப்பறை பார்த்துட்டு வரேன்,” என்றார் அருணா. “எல்லாத்துலயும் பூட்டு. எல்லாத்துலயும் ஊதுபத்தி. ஒண்ணுலகூட மனுஷன் போன அடையாளம் இல்லை. பயன்பாட்டுக்கான ஆதாரம்னு என் படிவத்துல முப்பது மார்க் இருக்கு. இதுவரைக்கும் யாருக்கும் போட்டதில்லை.” அவர் பெருமாயியைப் பார்த்தார். “இது நீங்களா?”

“நாந்தானுங்க.”

“முழு மார்க்.”

பெருமாயி கதவைக் காட்டினாள். “குழி இல்லீங்க மேடம்,” என்றாள்.

அருணா சந்தோஷ்குமாரைப் பார்த்தார்.

“குழி இரண்டாம் கட்டப் பணிங்க மேடம்.”

அருணா கருவியில் மேலும் கீழும் தேடினார். “குழின்னு கட்டம் எதுவும் இல்லையே,” என்றார். இறங்கும்போதும் எழுபது வளைவு இருப்பது அவருக்கு நினைவு வந்தது. உடனே கிளம்பினார்.

அன்று பிற்பகலே செயலியில் முடிவு வந்தது, அலுவலகம் மாவட்டத்தில் முதலிடம். மேலிடச் சரிபார்ப்பு முடியும் வரை ஆதாரம் உள்ளபடியே பாதுகாக்கப்பட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கதவைப் பூட்டினார்கள். சாவியை உறையில் போட்டார்கள். மணிவண்ணன் அரக்கை உருக்கினார்.

“சாவி எங்கிட்டன்னு சொன்னீங்க சார்,” என்றாள் பெருமாயி.

“சொன்னேன்,” என்றார் சந்தோஷ்குமார். “அப்ப அது கழிப்பறை. இப்ப அது ஆதாரம். ஆதாரத்துல யாராவது போவாங்களா?”

அன்று மாலை பெருமாயி படம் எடுத்து ஏற்றினாள். இன்று எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று செயலி கேட்டது. அவள் ஒன்று என்று போட்டாள். கட்டம் சிவந்தது. அனுப்பு என்பதை அழுத்தினாள்.

ஒரு வாரத்தில் குறிப்பாணை வந்தது. அனுமதியின்றி முத்திரையை உடைத்தது மன்னிக்கப்பட்டது, அது பரிசைக் கொண்டுவந்திருக்கிறது. ஆனால் பயனாளிகளின் எண்ணிக்கையை நாற்பத்திரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்துக் காட்டி அலுவலகத்தின் மூன்றாண்டு உழைப்பைக் களங்கப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்கம் சாதாரணக் கோப்பில் போனது. அது மேலே போய்ச் சேருவதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. புதுப்பிக்கவில்லை.

முத்தன் எல்லாவற்றையும் கேட்டான்.

“குழி இல்லாமக் கட்டுனவன் கெட்டிக்காரன்,” என்றான் கடைசியில். “பாறையத் தொடவே இல்ல பாரு.”

பரிசளிப்பு விழாவுக்கு அவளுக்கு அழைப்பு வந்தது. ஊழியராக இல்லை, பயனாளியாக. முத்தன் போக வேண்டாம் என்றான். மேடையில் பெரிய அதிகாரிகள் இருப்பார்கள், வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம் என்று அவள் நினைத்தாள். முதல் நாள் மதியத்தோடு சோற்றை நிறுத்தினாள். எழுபது வளைவு இறங்கினாள். காரவள்ளியில் சுமதி கரண்டியால் பின்பக்கம் காட்டினாள்.

மண்டபம் குளிரூட்டப்பட்டிருந்தது. விழா இரண்டு மணி நேரம் தாமதம். பெருமாயி வாசலில் நின்ற பெண்ணிடம் போனாள்.

“இங்க பாத்ரூம் எங்கீங்க?”

“பூட்டியிருக்கும்மா. சிறப்பு விருந்தினர் வந்து திறந்து வெக்கணும். புதுசு.”

மேடையில் சந்தோஷ்குமார் கேடயத்தை வாங்கினார். ஐந்து நிமிடம் பேசினார். ஒரு மலைவாழ் பெண்ணின் கண்ணீரைத் துடைத்த கதையைச் சொன்னார். பிறகு அவளை மேலே கூப்பிட்டார்கள். மாலை போட்டார்கள். வேலையைப் பற்றிக் கேட்க அவள் வாயைத் திறந்தாள். படம் எடுப்பவர் இங்கே பாருங்க என்றார்.

அந்தப் படமும் அலுவலக வராந்தாவுக்கு வந்தது. ‘பெருமைப் பலகை’ என்று தனியாக ஒன்று இல்லை. இருந்த பலகையில், பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். பொன்னாயி காலையில் கழிப்பறையின் வெளிப்பக்கத்தைக் கழுவி, இரண்டு கட்டு ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்து இரண்டையும் துடைக்கிறாள். ஒருநாள் துடைத்துவிட்டு இடம் மாற்றி மாட்டிவிட்டாள். இதுவரை யாரும் கவனிக்கவில்லை. இரண்டிலும் செண்டுமல்லி மாலை. இரண்டிலும் பெருமாயி கால்களைச் சேர்த்து வைத்து நிற்கிறாள்.